பழைய இல்லங்களின் திருப்பணி

தண்பொருநை எனப் போற்றப்படும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் நவதிருப்பதிகளும், நவகைலாயத் திருத்தலங்களுள் சிலவும் அமைந்துள்ளன. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் கருங்குளத்தைக் கடந்ததும், சரளைக் கற்கள் நிறைந்த செம்மண் மேடு ஒன்று சாலையோரம் பரந்து கிடப்பதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். அதுவே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. ஆற்றின் மறுகரையில் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் திருக்கோயில் உள்ளது. சாலையிலேயே மேலும் சென்றால் நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூராகிய ஆழ்வார்திருநகரியும், அதனை அடுத்துத் தென்திருப்பேரையும் வரும்.

இத்தலங்களின் மாடவீதிகளிலும் சிற்றூர்த் தெருக்களிலும் பழைய வீடுகள் இன்றும் பல உள்ளன. திண்ணை, தார்சா, பட்டாசாலை, முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீடுகள் அவை. பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் சென்ற குடும்பத்தினர், முதுமையில் ஊர் திரும்பவோ, திருவிழாக் காலங்களில் வந்து தங்கவோ விரும்பி அவ்வீடுகளைப் புதுப்பிக்க முற்படுகின்றனர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் செப்பனிட்டுக் கொள்வதா என்னும் ஐயம் அவர்களுக்கு எழுகின்றது. ஆதிச்சநல்லூரில் வாழ்வோர்க்கு இவ்வையம் மேலும் கனமானது. அங்கே வீட்டின் அடியில் உள்ள மண்ணும் காக்கப்பட வேண்டிய பொருளாகும். அதனை இறுதியில் காண்போம்.

பழமையான கட்டடத்தைப் புதுப்பிக்கும் நெறியை நம் முன்னோர் திருக்கோயில்களின் வாயிலாகவே வகுத்து வைத்துள்ளனர். ஜீர்ணோத்தாரணம் என்பது அதன் பெயர். நலிந்ததை மீள எடுத்து நிறுத்துதல் என்பது அச்சொல்லின் பொருள். பழையதை அகற்றிப் புதியதை அமைத்தல் என்பது அன்று.

முதலில் பாலாலயம்

திருக்கோயிலில் பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யப்படுகின்றது. மூலவரின் சாந்நித்தியம் கும்பத்தில் ஆவாகனம் செய்யப்பெற்று, அத்திப் பலகையில் வரையப்பட்ட திருவுருவிலோ வேறு சிறு மூர்த்தத்திலோ எழுந்தருளச் செய்யப்படுகின்றது. பணி எத்தனை திங்கள் நீடித்தாலும் அந்த இளங்கோயிலில் நித்திய வழிபாடு தடையின்றி நடைபெறும். குடமுழுக்கு நாளில் சாந்நித்தியம் மீண்டும் மூலத்தானத்திற்குத் திரும்பும்.

வீட்டில் இதற்கு ஒப்பானது விளக்கு. பூசையறையில் பணி தொடங்குமுன் குத்துவிளக்கையும் தெய்வத் திருவுருவங்களையும் பணி நடவாத ஓர் அறைக்கு மாற்றி, அங்கே அன்றாடம் விளக்கேற்றி வருதல் வேண்டும். பலர் திருவுருவப் படங்களைச் சாக்குப் பையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, எட்டுத் திங்கள் கழித்து அவிழ்த்துப் பார்க்கும்போது ஓதமும் கரையானும் அவற்றைத் தின்றிருப்பதைக் காண்கின்றனர். இன்னும் சிலர் பழைய படங்களைக் கோயில் மரத்தடியில் சாத்திவிட்டுச் செல்கின்றனர். அரசடியிலும் வேம்படியிலும் கண்ணாடி உடைந்து, நிறம் மங்கி, மழையில் நனைந்து கிடக்கும் படங்களை எத்திருக்கோயிலிலும் காணலாம். இது வழிபாடும் ஆகாது, துப்புரவும் ஆகாது. சிதைந்த படங்களையும் பின்னமான சிறு திருவுருவங்களையும் என்ன செய்வது என்பதை அர்ச்சகரிடம் கேட்டு அவ்வாறே செய்தல் நலம். சட்டமும் கண்ணாடியும் நன்றாயிருப்பின் அவற்றைக் கழற்றி வேறு படத்திற்குப் பயன்படுத்தலாம்.

பரணில் இருப்பது என்ன?

சுவரைத் தொடுமுன் பரணைப் பார்த்தல் வேண்டும். பழைய வீட்டின் பரணிலும் மச்சிலும் கிடக்கும் பொருள்களை ஒரே நாளில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பித்தளை அண்டாவிற்கு எடைக்கு எடை விலை கிடைக்கும். ஓலைக் கட்டிற்கு விலை எதுவும் கிடைக்காது. எனவே அது அடுப்பிற்குச் செல்லும்.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்ற காலத்தில், ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அவ்வூர்க் கவிராயர்களின் இல்லங்களில் ஏடுகளைப் புரட்டியும் வேண்டியது கிடைக்காமல் மனம் சோர்ந்திருந்த நிலையில், நிலவொளி வீசிய ஓரிரவில் முல்லைப்பாட்டு உள்ள ஏடு அவர் கைக்கு வந்தது. அந்நிகழ்ச்சியை ‘நிலவில் மலர்ந்த முல்லை’ என்னும் கட்டுரையில் அவரே எழுதியுள்ளார். 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சில் வெளிவந்தது. அவ்வீட்டாருள் எவரேனும் ஓராண்டு முன்னதாக வீட்டைப் புதுப்பிக்க எண்ணிப் பரணைக் காலி செய்திருந்தால், அந்த ஏடு அவர் கைக்கு எட்டியிராது.

வீட்டில் ஓலைச்சுவடி இருப்பின், நீர் தெளித்துத் துடைப்பதோ வெயிலில் உலர்த்துவதோ கூடாது. மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம். நிலப் பத்திரங்கள், கணக்கு நோட்டுகள், கடிதங்கள் ஆகியவற்றையும் படித்துப் பார்த்த பின்னரே கழிக்க வேண்டும்.

சுவரும் சுண்ணாம்பும்

பழைய வீடுகள் முதுமையால் வீழ்வதைவிடத் தவறான செப்பனிடுதலால் வீழ்வதே மிகுதி. அத்தவறுகளுள் தலையானது சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுதல்.

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் சிமெண்டு ஆலை 1949ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட இப்பகுதி வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும், அல்லது மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்திப் பூசினர். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டும் சுண்ணாம்பு எடுத்தனர். இக்கலவை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாக மாறுகின்றது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். ஆனால் அக்கலவையில் நுண்ணிய துளைகள் இருப்பதால், சுவரினுள் ஏறும் ஈரம் எளிதில் வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகின்றது என்று பழைய கொத்தனார்கள் கூறுவது இதனையே.

சிமெண்டுப் பூச்சு இறுகிய தன்மையுடையது. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்திற்கு அது வழிவிடாது. ஈரம் மேலும் உயர ஏறும். ஓரடி உயரத்தில் இருந்த ஓதம் மூன்றடிக்கு வரும். ஈரத்துடன் உப்பும் ஏறும். ஈரம் உலரும் இடத்தில் உப்பு படிகமாகிப் பருத்துச் செங்கல்லை உள்ளிருந்தே பொரித்துத் தள்ளும். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடிப் பகுதியில், நிலத்தடி நீரிலும் காற்றிலும் உப்பு மிகுந்திருப்பதால் இக்கேடு விரைந்து நிகழ்கின்றது. சிமெண்டின்மேல் நீர்புகா வண்ணமும் பூசிவிட்டால் வெளியே பளபளப்பும் உள்ளே அழுகலுமாகச் சுவர் நிற்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, வீடு பழையதாகிவிட்டது, இடித்துவிடுவோம் என்று முடிவு செய்கின்றனர். கெட்டது வீடன்று, பூச்சு.

ஓதம் ஏறிய சுவரைச் சீர் செய்ய, முதலில் நீர் எங்கிருந்து வருகின்றது எனக் காண வேண்டும். தெரு மட்டம் உயர்ந்து மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா, தாழ்வாரக் குழாய் உடைந்துள்ளதா, குளியலறைக் கழிவு கசிகின்றதா என ஆராய்ந்து அதனை நிறுத்த வேண்டும். பின்னர் சிமெண்டுப் பூச்சைச் செங்கல் சிதையாவண்ணம் மெல்லக் கொத்தி எடுத்து, சுவரை நன்கு உலரவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் பூசி, சுண்ணாம்பு வெள்ளையே அடித்தல் வேண்டும். செலவு சற்றுக் கூடும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று. திருக்கோயில் திருப்பணிகளில் பணியாற்றியோரிடம் விசாரித்தால் ஆள் கிடைப்பர்.

கடற்காற்று கல்லையும் விட்டுவைப்பதில்லை. திருச்செந்தூர்த் திருக்கோயிலின் பழைய மண்டபங்கள் மணற்பாறையால் ஆனவை. அவை உப்புக் காற்றில் கரைந்து சிதைந்தமையால், மௌன சுவாமிகள், காசி சுவாமிகள், ஆறுமுக சுவாமிகள் ஆகிய துறவியர் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பணியை மேற்கொண்டு கருங்கல்லால் புதுப்பித்தனர். அப்பெருந்திருப்பணி நிறைவுற்று 1941ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது. அண்மையில் 2025ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மீண்டும் குடமுழுக்குக் கண்டது அத்திருக்கோயில். கருவறையில் தெய்வத் திருமேனியைப் பீடத்தில் நிலைநிறுத்த இன்றும் சிமெண்டு பயன்படுத்தப்படுவதில்லை. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்த்து இடிக்கப்பட்ட அஷ்டபந்தன மருந்தே சாத்தப்படுகின்றது. அது நெகிழ்ந்து கொடுக்கும், தேய்ந்தால் மீண்டும் சாத்தலாம். பழையதோடு பொருந்துவதே பழையதைக் காக்கும்.

திருவரங்கம் அரங்கநாதர் திருக்கோயிலில் இம்முறையைப் பின்பற்றி, பிற்காலத்துச் சேர்க்கைகளை அகற்றியும், பழைய நீர் வடிகால்களை மீட்டும், சுண்ணாம்புக் கலவையைப் பயன்படுத்தியும் திருப்பணி செய்யப்பட்டது. அப்பணிக்கு 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் மண்டலத் தகுதி விருது வழங்கப்பட்டது. பெருங்கோயிலுக்குப் பொருந்திய முறை ஒரு சிறிய வீட்டிற்கும் பொருந்தும்.

தூத்துக்குடியின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் பவளப்பாறைக் கற்கள் காணப்படும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை அவை. கட்டுவதற்கும் சுண்ணாம்பு சுடுவதற்கும் இவ்வாறு பல்லாண்டுகள் பாறையை வெட்டியதால், 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கின. 1986ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆகவே, பழைய சுவரில் இத்தகைய கல் இருப்பின் அதனைக் கழிக்காமல் மீண்டும் அச்சுவரிலேயே வைத்துக் கட்ட வேண்டும். பெயர்ந்த இடத்திற்குப் புதிய பவளக்கல் எவரேனும் தருவதாகக் கூறினால் வாங்கலாகாது.

கூரையும் பனையும்

இப்பகுதி வீடுகளின் கூரை பெரும்பாலும் பனங்கைகளின்மேல் அமைந்தது. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையை நீளவாக்கில் பிளந்து எடுத்த கைமரங்கள், நனையாமலும் கரையான் ஏறாமலும் இருந்தால் பல தலைமுறை நிற்கும். சுவரினுள் புதைந்திருக்கும் முனையே முதலில் கெடும். அம்முனையைத் தட்டிப் பார்த்து, மக்கிய பகுதியை மட்டும் அறுத்து, ஒட்டுக் கட்டை கொடுத்து நிறுத்தும் தச்சர்கள் இன்னும் உள்ளனர். முழுக் கூரையையும் பிரித்துவிட வேண்டுவதில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இன்று விறகு விலைக்குப் போகும் பழைய பனங்கை, நாளை விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது.

மட்டப்பா எனப்படும் செங்கல் பதித்த தளமாயின், ஒழுகும் இடத்தில் புதிய கான்கிரீட் போட்டுக் கனம் ஏற்றுதல் தவறு. மரச்சட்டங்கள் அக்கனத்தைத் தாங்கா.

அறைகளை மாற்றுதல்

பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு இக்காலத்தில் வாழ்தல் இயலாது என்பது உண்மை. புறவாசலுக்கு அப்பால் உள்ள கழிவறைக்கு எண்பது வயது மூதாட்டி இருளில் நடந்து செல்ல வேண்டும் என்று சொல்வது மரபைக் காப்பதாகாது. புகை மண்டும் அடுக்களையும் அவ்வாறே. மாற்ற வேண்டுவன மாற்றப்படவே வேண்டும். எங்கு, எவ்வாறு என்பதிலேதான் கவனம் தேவை.

இவ்வீடுகளில் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் இல்லை. ஒன்றரை அடி, இரண்டடிப் பருமனுள்ள சுவர்களே கூரையைத் தாங்குகின்றன. பட்டாசாலையையும் அடுத்த அறையையும் ஒன்றாக்கிப் பெரிய கூடம் வேண்டும் என்று இடைச்சுவரை எடுத்துவிட்டால், அன்றைக்கு ஒன்றும் நேராது. அடுத்த மழைக்கு மேல்தளத்தில் விரிசல் காணும். கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் எச்சுவரையும் எடுத்தலாகாது. வாசலை இடம் மாற்றினால் செல்வம் சேரும், சமையலறையை மூலை மாற்றினால் பிணி தீரும் என்று கூறுவோரை நம்பிச் சுவரை உடைப்போர் பலர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், கோலின் நிழலைக் கண்டு திசை அறிந்து, நூலிட்டு அளந்து மனை வகுத்த செய்தி கூறப்பட்டுள்ளது. அக்கலையில் வந்த தச்சர்கள் காற்றும் ஒளியும் பார்த்து வகுத்த வீட்டை, ஒரு நாள் வந்து பார்த்தவர் சொல்லுக்காகச் சிதைப்பது பொருந்துமா என எண்ணிப் பார்க்க வேண்டும்.

முற்றமே பெரிதும் சிதைக்கப்படும் இடம். கொசுவும் குரங்கும் கள்வரும் வருவர் என அஞ்சி, அதன்மேல் ஒளிபுகும் நெகிழித் தகடு வேய்ந்து மூடுகின்றனர். சூடான காற்று மேலெழுந்து வெளியேறும் வழி அம்முற்றம். அதனை அடைத்தபின் நடுவறைகளில் வெப்பம் தங்கும், பின்பு குளிர்சாதனப் பெட்டி வேண்டியதாகும். முற்றத்தின்மேல் இரும்புக் கம்பி அழியும் வலையும் அமைத்து, காற்றையும் மழையையும் வரவிடுவதே நன்று. மழை கூடாது எனில், கூரை மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, நாற்புறமும் காற்று போக இடைவெளி விட்டுத் தகடு வேயலாம். 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முற்றம் உள்ள வீட்டிற்கு இது மிக எளிது. நான்கு பக்கக் கூரை நீரும் ஓரிடத்தில் விழுவதால், அதனை வடிகட்டிக் கிணற்றில் சேர்க்க ஒரு குழாய் போதும்.

தரையில் புதிய டைல்ஸ் பதிக்க விரும்புவோர் பழைய தரையின்மேலேயே பதித்துவிடுகின்றனர். தரை இரண்டு அங்குலம் உயர்கின்றது. கதவின் அடியை அறுக்க வேண்டும், நிலைப்படி தாழ்ந்துவிடும், முற்றத்து நீர் வடியும் துளைக்கும் தரைக்கும் பொருத்தம் கெடும். பழைய காவித் தரையைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தால், பல வீடுகளில் டைல்ஸ் தேவைப்படாது.

கழிவறையும் குளியலறையும் இரண்டாங்கட்டிற்கும் புறவாசலுக்கும் இடைப்பட்ட பகுதியில், வெளிச்சுவரை ஒட்டி அமைத்தல் தக்கது. குழாய்கள் வெளியே செல்லும், கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். பூசையறையின் சுவருக்கு மறுபுறம் இவற்றை அமைப்பது மரபன்று. நடைமுறையிலும் அது நல்லதன்று. ஓதம் சுவர் வழியாக வந்து பூசையறை மரங்களைக் கெடுக்கும். முதியோர் பயன்படுத்தும் அறையாயின் வாயில் மூன்றடி அகலம் இருக்கட்டும். சக்கர நாற்காலி நுழைய அது வேண்டும். வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் அவசியம்.

பழைய வீடுகள் பலவற்றில் தனிப் பூசையறை இருந்ததில்லை. தார்சாவிலோ பட்டாசாலையிலோ சுவரில் அமைந்த விளக்கு மாடமும், அடுக்களையில் ஒரு பலகையுமே தெய்வத்திற்குரிய இடமாக இருந்தன. இப்போது தனியறை வேண்டுவோர், தொழுவமாகவோ நெற்குதிர் வைக்கும் அறையாகவோ இருந்து பயனற்றுப்போன சிற்றறையை அதற்காக ஒதுக்கலாம். காற்றுப் போக்கி ஒன்று தவறாமல் இருக்க வேண்டும். விளக்கும் கற்பூரமும் எரியும் மூடிய அறை கரி படிவதோடு தீ விபத்திற்கும் இடமளிக்கும். பளிங்கும் வண்ண மின்விளக்குகளும் அவரவர் விருப்பம். ஆயினும் பழைய விளக்கு மாடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டாம். அவ்வீட்டிற்கு வந்த மருமகள்கள் அத்தனை பேரும் முதல் விளக்கை ஏற்றிய இடம் அது.

திண்ணையைப் பற்றி ஒரு சொல். அதனை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்குவோர், தேர்த் திருவிழா நாளில் அமர்வதற்கு நாற்காலி வாடகைக்கு எடுக்கின்றனர்.

வெள்ளத்திற்குப் பின்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் நகர இயலாது நிற்க, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தனர். அவ்வெள்ளத்தில் நின்ற பழைய வீடுகளுள் பல இன்னும் முறையாகச் செப்பனிடப்படவில்லை.

வெள்ளம் புகுந்த பருத்த சுவர் வெளியே உலர்ந்தாலும் உள்ளே உலரப் பல மாதங்கள் ஆகும். ஒரு கோடை முழுவதும் கதவு சாளரங்களைத் திறந்து உலரவிட்ட பின்னரே பூச வேண்டும். நீர் வடிந்த உடனே பூசி வண்ணம் அடித்தவர்கள் அடுத்த ஆண்டே மீண்டும் கொத்தும்படி ஆகும். விரிசல் கண்ட சுவரில், விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, நாளைக் குறித்து வைக்கலாம். சில மாதங்கள் சென்றும் கண்ணாடி உடையாதிருந்தால் விரிசல் அசையவில்லை, பூசலாம். உடைந்தால் அடித்தளம் இறங்குகின்றது எனப் பொருள். அப்போது பொறியாளரை அழைக்க வேண்டும். ஆற்றங்கரை மண்ணில் எழுந்த வீடுகளுக்கு இச்சோதனை மிகத் தேவையானது.

ஆதிச்சநல்லூர் மண்

ஆதிச்சநல்லூரின் பரம்பு ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடையது. 1876ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த ஜாகர் என்பவர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். அதன்பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். அவர் கண்டெடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இறந்தோரை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள், இரும்பு வாள்கள், வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள் ஆகியன அவற்றுள் அடங்கும். அங்கே கிடைத்த இரும்புச் சூலங்களையும் வெண்கலச் சேவல் உருவங்களையும் கண்ட அறிஞர் சிலர், முருக வழிபாட்டின் தொன்மைக்குச் சான்றாக அவற்றைக் கருதினர். திருச்செந்தூர் முருகனை வழிபடச் செல்லும் வழியிலேயே இவ்வூர் இருப்பதை அன்பர்கள் நினைவில் கொள்ளலாம்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2020இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2021 முதல் மத்திய தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. 2022இல் மீண்டும் ஒரு பொற்பட்டம் கிடைத்தது. அகழ்ந்த குழிகளை அவ்விடத்திலேயே காணும் வகையிலான அருங்காட்சியகத்திற்கு 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இத்தகைய இடத்தின் அருகே வீடு உடையோர், பணி தொடங்குமுன் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். பண்டை நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி ஆகும். அங்கே புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். தடை செய்யப்பட்ட பகுதியிலும், 1992ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளுக்கு முன்பே இருந்த வீட்டைச் செப்பனிடவும் புதுப்பிக்கவும் அனுமதி கோரலாம். தகுதிபெற்ற அதிகாரியிடம் விண்ணப்பிக்க, அது தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிசீலனைக்குச் செல்லும். மீறுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. செப்பனிடுதல், புதுப்பித்தல் என்னும் சொற்களுக்கு, ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் மாற்றம் செய்தல் என்றே சட்டம் பொருள் கூறுகின்றது. இடித்துவிட்டு மீண்டும் கட்டுதல் அதனுள் அடங்காது. ஆகவே, தடை செய்யப்பட்ட எல்லைக்குள் உள்ள பழைய வீட்டை, ஒழுகுகின்றது என்று இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டவர் அதே இடத்தில் மற்றொரு வீடு எழுப்பும் வாய்ப்பை இழக்கின்றார். கூரையும் சுவரும் நிற்கும்வரைதான் அவருக்கு விண்ணப்பிக்கும் உரிமை. ஓதம் ஏறிய சுவரைக் காப்பதும், பனங்கையின் முனையை மட்டும் மாற்றுவதும் பிற ஊர்களில் விருப்பத்தைப் பொறுத்தவை. இங்கே வீடு என்று ஒன்று மிஞ்சுவதே அவற்றைப் பொறுத்தது.

வீட்டின் எல்லை பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எத்தனை மீட்டர் எனக் கண்ணால் கணிக்காமல், நில அளவை வரைபடத்துடன் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தொல்லியல் துறை அலுவலகத்திலும் கேட்டறிய வேண்டும். வீட்டின் இப்போதைய நிலையைப் புகைப்படம் எடுத்து, பழைய வரி ரசீதுகளையும் மின் இணைப்பு ஆவணங்களையும் சேர்த்து வைத்தால், 1992க்கு முன்பே வீடு இருந்தது என நிறுவ அவை உதவும்.

கழிவுநீர்த் தொட்டிக்கோ குழாய்க்கோ குழி தோண்டும்போது தாழியின் விளிம்போ, கறுப்புச் சிவப்புப் பானை ஓடுகளோ தென்படக்கூடும். அவ்விடத்தில் தோண்டுவதை உடனே நிறுத்த வேண்டும். தாழியை வெளியே எடுக்க முயலுதலும், உள்ளே என்ன இருக்கின்றது எனக் கையிட்டுப் பார்த்தலும் கூடாது. எந்த எலும்பு, எந்தக் கலயம், எந்த மணி எவ்வாழத்தில் எப்பக்கம் நோக்கி இருந்தது என்பதே ஆய்வாளர்க்கு வேண்டுவது. எடுத்தபின் அது மீளாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படியும், மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவித்தல் கண்டவரின் கடமை. குழியைத் தார்ப்பாய் கொண்டு மூடி, மழைநீர் இறங்காதவாறு கரை கட்டி, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, அத்தகவலை எழுத்து மூலமாகவும் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். துறையினர் வந்து பார்த்துச் செல்லும்வரை, அனுமதி பெற்ற சுவர்ப் பூச்சும் கூரை வேலையும் வீட்டின் மற்ற பகுதிகளில் தொடரலாம்.